செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

இந்த நாட்டில் நீச்சல்குளத்துக்குப் பெயர்
பிசீன்.
வந்த புதிதில் சிரித்தேன்.
பிசின் என்றால் நமக்கு முருங்கையில் வடிவது,
விரலை விடாமல் ஒட்டுவது.
பதினோரு வருடமாகிறது.
சுவரைத் தடவிப் பார்த்தவளுக்குத் தெரியும்
பெயர் வைத்தவன் பொய் சொல்லவில்லை.

லோர்க் ஊருக்கு வெளியே, ஒலிவ் மரச் சரிவில்,
காஸ்தானியே வீட்டுக் குளம்
யூலை மூன்றாம் செவ்வாயன்று
கீரை மசித்த சட்டி.
படியில் முதல் கல் தெரிந்தது.
இரண்டாவது இல்லை.

முதலில் மெசியூ, லியோனிலிருந்து:
சனிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள்,
நீலமாக்கு, எவ்வளவானாலும்.
இருபது நிமிடம் கழித்து மதாம், எங்கிருந்தோ:
அவன் பேச்சைக் கேட்காதே,
பச்சையாகவே கிடக்கட்டும்,
விலை இறங்கட்டும்.
என் சம்பளம்
இருவர் கணக்கிலிருந்தும் பாதி பாதியாக வருவது.

வழக்குத் தீர்க்க வந்தவளில்லை நான்.
குழாயில் பத்து மில்லி எடுத்துச்
சொட்டு மருந்து விட்டேன்.
தண்ணீர் ஆளுக்கொரு பதில் சொல்லாது.

குளோரின் இருக்கிறது. நிறையவே.
ஆனால் தூங்குகிறது.
வருடக்கணக்காக மாத்திரை போட்டிருக்கிறார்கள்;
ஒவ்வொரு மாத்திரையோடும்
வெயிலில் அது செத்துவிடாமலிருக்க ஒரு காவல்.
காவல் அளவு மீறினால்
உள்ளே இருப்பது வேலை செய்யாது.
மூன்றிலொரு பங்கு இறைத்துவிட்டுப்
புதுத்தண்ணீர் விட வேண்டும்.
நகரசபை வாசலில் வறட்சி அறிவிப்பு:
குளம் நிரப்பினால் தண்டம்.

ஆகவே தூரிகை.
வடக்குச் சுவர், ஏணியின் முதுகு,
விளக்கைச் சுற்றிய வளையம்,
படியின் அடிவயிறு.
வெயில் எட்டாத இடத்தில்தான் பாசி குடும்பம் நடத்தும்.
மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே,
தோள்மூட்டு கத்தும்வரை.
அமிலம் முதலில். வெயில் சாய்ந்தபின் திரவக் குளோரின்,
இருபது லிட்டர் கேன், காற்றுக்கு முதுகு காட்டி.
இரவெல்லாம் பம்பு ஓடியது.
வடிகட்டியின் மணல் நாலு தடவை பச்சையாகத் துப்பியது.
குளம் நாலு விரல் இறங்கியது.

பச்சை செத்தால் உடனே நீலமாகாது.
முதலில் சாம்பலாகும்.
இதை மட்டும் எந்த வாடிக்கையாளரும் நம்பியதில்லை.
வியாழனன்று அரிசி கழுவிய தண்ணீர்.
வெள்ளியன்று அதே அரிசி, இரண்டாவது கழுவல்.

சனி விடிய ஆறரைக்கு
ஆழப்பக்கத்தில்
ஒரு நாற்காலி.

இரும்பு, வெள்ளைப் பூச்சு.
முற்றத்து மேசையைச் சுற்றி மூன்றுதான் என்று
அதுவரை நான் எண்ணிப் பார்க்கவில்லை.
நாலு காலும் தரையில் ஊன்றி
நேராக நின்றது,
யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.
எறிந்தது இப்படி விழாது.
ஒருவேளை விழும். தெரியாது.
யார் எறிந்தார்கள் என்பதற்குச்
சொட்டு மருந்து இல்லை.

இலைவலைக் கோலில் கயிறு கோர்த்து இழுத்தேன்.
கழுவி, மற்ற மூன்றோடு போட்டேன்.
பதினொரு மணிக்கு வந்த குடும்பத்தில்
ஒரு பையன் நேரே போய் அதில்தான் உட்கார்ந்தான்.
பின்பக்கம் நனைந்து எழுந்தான்.
தரகர் படமெடுத்து
இருவருக்கும் அனுப்பினார்.

மதாம் முதலில். பிறகு மெசியூ.
நீலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
நாற்காலியை யார் எடுத்தது?
நான்தான் என்றேன்.
இரு தொலைபேசியிலும் ஒரே நீள மௌனம்.
கடைசியில் மதாம் கேட்டாள்:
நனைந்திருந்ததா?

பில் எழுதினேன்.
அமிலம், குளோரின், தூரிகை ஆறு மணிநேரம்.
நாற்காலி: பூச்சியம் யூரோ.
பூச்சியத்தையும் பாதி பாதியாக அனுப்பினேன்.

அடுத்த செவ்வாய் தண்ணீர் நன்றாக இருந்தது.
அடியில், ஓட்டின்மேல்,
துருவில் நாலு சின்ன வட்டம்.
அது பாசியில்லை.
அதற்கு வேறு மருந்து.